நூறு கிலோமீட்டர் ஓடாத வண்டிக்கு டீசல் எதற்கு?

"சரக்கு வண்டின்னா டீசல்தான்." தமிழ்நாட்டில் எந்த லோடு வண்டி ஸ்டாண்டில் போய் நின்றாலும் இதைக் கேட்கலாம். புதிதாகக் குட்டியானை என்கிற மினி லோடு வண்டி வாங்கப்போகிற பையனுக்கு மாமா இதைச் சொல்வார், மெக்கானிக் சொல்வார், ஃபைனான்ஸ் ஏற்பாடு செய்கிற ஏஜென்ட்டும் சொல்வார். "பெட்ரோல் வண்டி எடுத்தா கட்டுப்படி ஆகாது தம்பி. டீசல்தான் மைலேஜ், டீசல்தான் இழுக்கும், டீசல்தான் உழைக்கும், விக்கும்போதும் டீசலுக்குத்தான் விலை." பையன் தலையாட்டிவிட்டு, கூடுதலாக ஒன்றரை லட்சம் கடன் வாங்கி டீசல் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவான். மறுநாள் காலையில் அது தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு நான்கு தெருவைச் சுற்றி வரும்.

இந்த அறிவுரை தப்பானது. எல்லோருக்கும் தப்பு என்று சொல்லவில்லை. ஊருக்குள் நாற்பது, ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பிழைக்கிற சிறு வண்டிக்காரருக்கு இது பணத்தையும் நிம்மதியையும் தின்கிற அறிவுரை. அவர்கள்தான் இந்தத் தொழிலில் கடன் சுமை தாங்க முடியாதவர்கள். கணக்குப் பார்க்காமல் சொன்ன ஒரு வார்த்தையால் நான்கு வருடம் தவணை கட்டுகிறவர்களும் அவர்கள்தான். அதனால் அந்த நான்கு காரணங்களையும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் இது முழு உண்மை. 2010 ஜூனில் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தது, டீசலுக்கு எடுக்கவில்லை. பஸ், லாரி, உழவு டிராக்டர், பம்ப்செட் எல்லாம் டீசலில் ஓடுவதால் அதன் விலையைத் தொட எந்த அரசுக்கும் தயக்கம். 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அந்த நாளில் டீசலைத் தவிர வேறு எதையாவது வாங்கியிருந்தால்தான் ஆச்சரியம். டாடா ஏஸ் வந்தது 2005-இல். 700 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, சைலன்சருக்குள் புகைவடிகட்டி கிடையாது. எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் ஸ்பேனரை வைத்தே பிரித்து மாட்டிவிடலாம். விலை குறைந்த எரிபொருளில் எளிமையான எஞ்சின் ஓடிய காலம் அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த வண்டியால் தலையெடுத்தன. மாமாவின் அறிவுரை அந்த அனுபவத்திலிருந்து வருகிறது. அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் மலிவான டீசல், எளிமையான எஞ்சின் என்கிற அந்த இரண்டில் ஒன்றுகூட இன்று இல்லை. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் ஐம்பது காசு, ஐம்பது காசாக ஏற்றிக்கொண்டே வந்தார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு பட்ஜெட்டில் பெட்ரோல் மீதான வரியை மட்டும் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார்கள். இடைவெளி இன்னும் சுருங்கியது. 2024 மார்ச்சில் இரண்டுக்கும் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய்க்குச் சற்றுக் கீழே, டீசல் 92 சொச்சம் என்று நின்றது. 32 ரூபாயாக இருந்த வித்தியாசம் எட்டரை ரூபாய்க்கு வந்துவிட்டது. அறிவுரை மட்டும் 2012-லேயே நிற்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஊருக்குள் லோடோடு ஓடும்போது டீசல் வண்டி லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெட்ரோல் வண்டி 15 கிலோமீட்டர் தருவதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி விளம்பரத்தில் சொல்கிற எண்கள் இதைவிடக் கூடுதலாக இருக்கும். அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் 92 ரூபாய் 40 காசு, பெட்ரோல் 100 ரூபாய் 80 காசு என்று போட்டால், கிலோமீட்டருக்கு டீசலில் 5 ரூபாய் 13 காசு, பெட்ரோலில் 6 ரூபாய் 72 காசு. வித்தியாசம் ஒரு ரூபாய் 59 காசு. அதே மைலேஜை 2012 டெல்லி விலையில் போட்டுப் பாருங்கள். டீசலில் 2 ரூபாய் 27 காசு, பெட்ரோலில் 4 ரூபாய் 88 காசு வரும். அன்று எரிபொருள் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். இன்று கால் பங்குகூட இல்லை.

வண்டி விலைக்கு வருவோம். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 99 ஆயிரம் ஷோரூம் விலையில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஏஸ் கோல்ட் ப்ளஸ் என்கிற டீசல் வண்டி 5 லட்சத்து 52 ஆயிரத்துக்கு வந்தது. நாட்டிலேயே விலை குறைந்த டீசல் மினி டிரக் இதுதான் என்று சொல்லித்தான் கம்பெனி அதை விற்றது. அதாவது, டீசல் வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் அந்த விலைக்குக் கீழே இறங்க வழியில்லை. ஒன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசம்.

அந்த ஒன்றரை லட்சத்தை யாரும் ரொக்கமாகக் கட்டுவதில்லை. பன்னிரண்டு சதவீத வட்டியில் நான்கு வருடக் கடனாகப் போட்டால் மாதம் 3,950 ரூபாய் கூடுதல் தவணை. நான்கு வருடத்தில் கட்டி முடிப்பது ஒரு லட்சத்து 90 ஆயிரம். சிறு வண்டிக்காரருக்குப் பன்னிரண்டுக்குக் கடன் கிடைப்பதே பெரிய விஷயம் என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வட்டி ஏற ஏற கணக்கு டீசலுக்கு எதிராகத்தான் சாயும்.

மாதம் 25 நாள் வண்டி ஓடுகிறது. தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசலால் மாதம் மிச்சமாவது சுமார் 1,590 ரூபாய். அதற்காக அவர் கட்டுகிற கூடுதல் தவணை 3,950. தினம் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிச்சம் 2,380. தவணை அதே 3,950. இரண்டும் சரிக்குச் சரியாக வருவது தினம் நூறு கிலோமீட்டரில்தான். நான்கு வருடத்தோடு தவணை முடிந்துவிடுமே, அப்புறம் லாபம்தானே என்று கேட்கலாம். 60 கிலோமீட்டர்காரருக்குக் கட்டின கூடுதல் பணம் திரும்பிவர ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும். 40 கிலோமீட்டர்காரருக்குப் பத்து வருடம். இதில் டீசல் வண்டியின் கூடுதல் பராமரிப்புச் செலவு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கவில்லை.

"என் டீசல் வண்டி பதினெட்டு இல்லை, இருபது தரும்" என்று ஒருவர் மறுத்தால், சரி, இருபதே போடுவோம். எல்லை 75 கிலோமீட்டருக்கு இறங்கும். அதற்கும் கீழே வராது. இன்னொரு மறுப்பு இருக்கிறது, அது நியாயமானது. ஏஸ் கோல்ட் ப்ளஸ் 900 கிலோ ஏற்றும், ஏஸ் ப்ரோ 750 கிலோதான். அந்த விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த 150 கிலோவுக்கானது. தினமும் 900 கிலோ ஏற்றினால்தான் வாடகை கிடைக்கும் என்கிறவர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் ஏற்றுகிறவருக்கு வண்டியில் இடம் தீருமே தவிர எடை தீராது. அவருக்கு அந்த 150 கிலோ வெறும் செலவு.

மைலேஜைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டீசல் எஞ்சின் உண்மையிலேயே சிக்கனமானது. அதை மறுப்பது அறிவீனம். காற்றை இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. காற்றின் வழியைத் த்ராட்டில் வைத்து அடைப்பதில்லை. அதனால் வீணாவது குறைவு. ஆனால் லிட்டர் கணக்கில் தெரிகிற வித்தியாசம் முழுவதும் எஞ்சினின் திறமை இல்லை. ஒரு லிட்டர் டீசல் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடக் கனமானது. அதில் அடங்கியிருக்கும் ஆற்றலே பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அதிகம். மறுபக்கம், இன்று பங்க்கில் வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலில் ஆற்றல் குறைவு. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அதைக் கணக்கில் வைத்துத்தான் பெட்ரோலுக்குப் பதினைந்துக்கு மேல் போடவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டி என்றால் அந்தக் கலவையைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். அதைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

அடுத்தது இழுவை. "டீசல்தான் இழுக்கும்" என்று சொல்லும்போது மனசில் இருப்பது டார்க் என்கிற முறுக்குவிசை. மேலே சொன்ன இரண்டு வண்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி தருகிற விவரப்படி டீசல் ஏஸ் கோல்ட் ப்ளஸ்ஸின் டார்க் 55 நியூட்டன் மீட்டர். பெட்ரோல் ஏஸ் ப்ரோவின் டார்க்கும் அதே 55. பவரில் டீசல் 22, பெட்ரோல் 30. இழுவைக்கென்றே பேர்போன டீசல், இந்த அளவு வண்டியில், காகிதத்தில்கூட முந்தவில்லை. மாருதி சூப்பர் கேரியின் கதையும் இதேதான். 2016-இல் அந்த வண்டி வந்தபோது 793 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 32 குதிரைத்திறன். பிறகு வந்த 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் எழுபதுக்கு மேல். 2020-இல் பிஎஸ்-6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே மொத்தமாக விட்டுவிட்டது. சூப்பர் கேரி இன்று பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடுகிறது. லோடு இழுக்காமலா அதை வாங்குகிறார்கள்?

டீசலில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும், குறைந்த சுற்றிலேயே உந்துதல் தெரியும். அந்த உணர்வு உண்மை. அதைத்தான் பலம் என்று எடுத்துக்கொள்கிறோம். பெட்ரோல் வண்டியை அதே பழக்கத்தில், இரண்டாவது கியரில் இழுக்க வேண்டிய இடத்தில் மூன்றாவதில் போட்டு ஓட்டினால் திணறத்தான் செய்யும். கியரைக் குறைத்துக் கொஞ்சம் சுற்ற விட்டால் ஏறும். வண்டியில் குறை இல்லை, கை பழக வேண்டும். அதற்கு ஒரு வாரம் போதும்.

மலைப்பாதை என்று வந்தால் டீசலைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பார்கள். ஏற்றத்தில், அதுவும் முழு லோடில், டீசலுக்கு நான் வழிவிடுகிறேன். இறக்கத்தில்? கோத்தகிரியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற வண்டி கியரில் பிடித்துத்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடேறிக் கைவிட்டுவிடும். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்கிறது. காற்றுக்குத் தவிக்கிற எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. டீசலில் அப்படி மூட ஒன்றும் இல்லாததால், அதே அளவு எஞ்சினில் அந்தப் பிடிப்பு குறைவு. பெரிய டீசல் லாரிகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று வைப்பது இதனால்தான். மலைக்கு டீசல் என்று சொல்கிறவர்கள் ஏறுகிற பாதியை மட்டும் பேசுகிறார்கள்.

இனி, என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த விஷயம். எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் தண்ணீர் கேன் வண்டி வரும். இருபது லிட்டர் கேன் முப்பத்தைந்து ஏற்றினால் 700 கிலோ. முதல் வீட்டு வாசலில் நிற்கும். பையன் குதித்து இறங்கி, தோளில் ஒன்று, கையில் ஒன்று எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுவான். காலிக் கேனோடு இறங்கி வந்து அதைக் கயிற்றில் கோத்துவிட்டு வண்டியின் பக்கவாட்டில் தட்டுவான். வண்டி இருபது அடி நகரும். மறுபடி நிற்கும். இவ்வளவு நேரமும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் அணைப்பதில்லை என்று டிரைவரைக் கேட்டேன். "தடவைக்குத் தடவ ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா பேட்டரி போயிடும் சார்" என்றார். டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது என்ன என்றேன். "அது வந்துட்டு வந்துட்டுப் போகும் சார். சர்வீஸ்ல விட்டா ரெண்டு நாள் வண்டிய வெச்சுக்குவாங்க. ரெண்டு நாள் வாடகை யார் குடுப்பா?"

அந்த விளக்குக்குப் பின்னால் இருப்பது இதுதான். 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதி, டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியேற்றலாம் என்றிருந்த கரித்துகளை 25 மில்லிகிராமிலிருந்து நாலரை மில்லிகிராமுக்குக் குறைத்தது. சிறு சரக்கு வண்டிகளுக்கும் அதே வழியில் கடிவாளம் விழுந்தது. இதைச் சாதிக்க டீசல் வண்டிகளில் புகைபோகும் வழியில் டிபிஎஃப் என்கிற வடிகட்டியை வைக்கிறார்கள். தேன்கூடு போல நுண்ணிய அறைகள் உள்ள பீங்கான் கட்டி அது. கரி அதில் படியும். நிறையப் படிந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால் கரி எரியும் அளவுக்குச் சூடு தானாகச் சேரும். அல்லது வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி அந்தச் சூட்டை உண்டாக்கும்.

தண்ணீர் கேன் வண்டி எந்த நெடுஞ்சாலையில் ஓடுகிறது? காலை முழுக்க இருபது அடி, இருபது அடியாக நகர்கிற எஞ்சின் சூடேறுவதே பாடு. கம்ப்யூட்டர் கரியை எரிக்க ஆரம்பிக்கும். அதற்குள் சுற்று முடிந்துவிடும், பாதியில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். அடுத்த தடவையும் அதேதான். எரிக்கவென்று பீய்ச்சின டீசலில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். "பரவால்ல, ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அது டீசல் கலந்து நீர்த்த ஆயில், பேரிங்கைக் காப்பாற்றாது. வடிகட்டி ஒரு கட்டத்துக்கு மேல் அடைத்துக்கொண்டால் வண்டி இழுவையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டர் மாட்டி எரிக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் மாற்ற வேண்டும். இழுவைக்காக வாங்கின வண்டி, இழுக்க மறுத்து ஓரமாக நிற்கும்.

இது கெட்ட எஞ்சின் இல்லை. தன்னுடைய வேலைக்குப் பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொண்ட நல்ல எஞ்சின். புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வைக்கிற ஏற்பாடுகள் தனி. சில வண்டிகளில் டிஇஎஃப் என்கிற யூரியாக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏஸ் கோல்ட் ப்ளஸ்ஸை விற்கும்போது டிஇஎஃப் தேவையில்லை என்பதையே பெரிய சிறப்பாகச் சொன்னார்கள். டீசல் வண்டிக்காரர்கள் அதனால் எவ்வளவு அவதிப்பட்டிருந்தால் அது விளம்பர வாசகமாக வரும்!

இன்ஜெக்டரையும் பாருங்கள். இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் ஆயிரத்தைந்நூறு பார், அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் மூன்று, நான்கு பார். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிற பம்பும் இன்ஜெக்டரும் மயிரிழை பிசகாமல் கடைந்தவை. கொஞ்சம் தண்ணீர் கலந்த டீசல் போதும், அவை கெட்டுப்போக. கெட்டால் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிற வேலை இல்லை. பெட்ரோல் வண்டியிலும் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது, கேடலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் ப்ளக்கும் காயிலும் மாற்றுகிற செலவும், ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றுகிற செலவும் ஒன்றாகுமா?

"டீசல்தான் உழைக்கும்" என்பதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினைக் கனமாக வார்க்கிறார்கள். ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடின லாரி எஞ்சின்கள் நம் சாலையில் நிறைய உண்டு. தினம் 40 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி பதினைந்து வருடத்தில் ஓடி முடிப்பது ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஒழுங்காக ஆயில் மாற்றின பெட்ரோல் எஞ்சினும் அந்தத் தூரத்தைத் தாண்டும். அதற்குள் தொட்டி துருப்பிடித்து, சேஸிஸ் ஒட்டுப்போட்டு, வண்டியே போதும் என்று ஆகியிருக்கும். பயன்படுத்தவே போகாத ஆயுளுக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது உழைப்பாளிக்குச் சொல்கிற யோசனையா?

இந்த நான்கு காரணங்களிலும் சேராத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. 2012 ஜூனில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்கிற முதல் பிரிவில் சேர்த்தது. பெட்ரோல் புகையும் பன்னீர் இல்லை. கார்பன் மோனாக்சைடு உண்டு, பென்சீன் உண்டு. ஆனால் கரித்துகள் என்று வந்தால் பழைய டீசலுக்கு ஈடில்லை. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிற புது டீசல் வண்டி பரவாயில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த வடிகட்டி அடைத்து அடைத்துத் தொல்லை கொடுக்கும்போது என்ன நடக்கிறது? "கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க, இழுவையும் வரும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டவிரோதம். அதைவிட, அந்தப் புகையைக் குடிக்கிறவர்கள் யார்? வண்டிக்குப் பின்னால் நின்று கயிறு கட்டுகிற பையன். கோயம்பேட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து கொத்தமல்லிக் கட்டுப் பிரிக்கிற அம்மா. தினம் எட்டு மணி நேரம் அந்தச் சந்துக்குள் மூச்சு விடுகிறவர்கள். வண்டி வாங்குகிற கணக்கில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

டீசல் யாருக்கு? ஒட்டன்சத்திரத்தில் ராத்திரி காய்கறி ஏற்றி விடிவதற்குள் சென்னையில் இறக்குகிறவருக்கு. ஒன்றரை டன் ஏற்றுகிற பொலேரோ பிக்கப், தோஸ்த் மாதிரி வண்டி தேவைப்படுகிறவருக்கு. தினம் நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டர் பைபாஸில் ஓடுகிறவருக்கு. அவர்களுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம் பெரிய பணம். நெடுஞ்சாலைச் சூட்டில் வடிகட்டியும் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அவர்களைப் பார்த்துத்தான் ஊருக்குள் ஓடுகிறவரும் டீசல் எடுக்கிறார். ஒரே தொழில் என்று நினைக்கிறார். இரண்டும் வேறு வேறு தொழில். சிஎன்ஜியும் பேட்டரி வண்டியும் உண்டே என்றால், உண்டு. பங்க் பக்கத்தில் இருந்து, வரிசையில் நிற்க நேரமும் இருந்தால் சிஎன்ஜி நல்ல கணக்குதான். அவற்றைத் தனியாகப் பேச வேண்டும்.

கடைசியாக மிஞ்சுவது ரீசேல். டீசல் வண்டிக்குப் பழைய வண்டிச் சந்தையில் கூடுதல் விலை கிடைக்கிறது என்பது இன்றைக்கு நிஜமாகவே இருக்கலாம். வாங்குகிறவரும் இதே அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்தானே. ஐந்து வருடம் கழித்து ஐம்பதாயிரம் அதிகமாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதாயிரத்துக்காகக் கட்டினது ஒரு லட்சத்து 90 ஆயிரம். எரிபொருளில் மிச்சம் பிடித்ததைக் கழித்தாலும், 40 கிலோமீட்டர்காரருக்கு ஐந்து வருடத்தில் கையிலிருந்து போவது 95 ஆயிரம். ரீசேல் ஐம்பதாயிரத்தையும் சேர்த்தால்கூட நாற்பத்தைந்தாயிரம் குறைகிறது. வாங்கப்போகிற மெக்கானிக் அடைத்துப்போன வடிகட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த ஐம்பதாயிரமும் நிற்காது. டெல்லிப் பகுதியில் பத்து வருடம் ஆன டீசல் வண்டிக்கும் பதினைந்து வருடம் ஆன பெட்ரோல் வண்டிக்கும் தடை போட்டார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அந்தத் தடை இல்லை. ஆனால் பழைய டீசல் வண்டியின் விலை என்றைக்கும் இப்படியே நிற்கும் என்று யாராலும் எழுதித் தர முடியாது.

வண்டி புக் பண்ணுவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். இப்போது ஓட்டுகிற வண்டியின் ஓடோமீட்டரை, அல்லது அதே வேலை செய்கிற ஸ்டாண்டு நண்பர் வண்டியின் ஓடோமீட்டரை, முதல் தேதி ஒரு படம், கடைசித் தேதி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழித்துப் பாருங்கள். மாதம் 2,500 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால், ஷோரூமில் போய் உட்கார்ந்ததும் பெட்ரோல் வண்டியின் கொட்டேஷனை முதலில் கேளுங்கள்.